டிராக்டருக்குச் சட்டம் கிடையாதா?

டிராக்டர், அறுவடை இயந்திரம், பொக்லைன், மலை ஊர்களிலும் கடற்கரைகளிலும் வாடகைக்கு ஓடும் நான்கு சக்கர மணல் பைக். இவை எல்லாவற்றுக்கும் உண்மையான வேலை இருப்பது சாலைக்கு வெளியே. ஆனால் எதுவும் சாலையைத் தொடாமல் தன் வேலையிடத்துக்குப் போய்ச் சேர முடியாது. கொட்டகையிலிருந்து வயலுக்கு, ஒரு வேலைத்தளத்திலிருந்து அடுத்ததற்கு என்று இடையில் கொஞ்ச தூரம் பொதுச் சாலைதான். அந்தக் கொஞ்ச தூரத்தைச் சுற்றி நம் ஊர்களில் ஏராளமான நம்பிக்கைகள் வளர்ந்து நிற்கின்றன. ‘வயல் வண்டிக்கு ஆர்சி எதற்கு’, ‘விவசாயியை யாரும் நிறுத்த முடியாது’, ‘பெட்டி வேறு, டிராக்டர் வேறு’, ‘மெதுவாகத்தானே போகிறது’. முழுப் பொய் என்று தள்ளிவிடவும் முடியாதபடி ஒவ்வொன்றிலும் ஒரு துளி உண்மை கலந்திருக்கிறது. விவசாய டிராக்டருக்குச் சட்டம் சலுகை தருவது உண்மை. பொக்லைனுக்கு லாரியின் விதிகள் எல்லாம் பொருந்தாது என்பதும் உண்மை. ஆனால் அந்தச் சலுகை வண்டிக்கும் இல்லை, வண்டியின் சொந்தக்காரருக்கும் இல்லை. வண்டி அந்த நேரத்தில் என்ன வேலைக்காக, எங்கே ஓடுகிறது என்பதற்குத்தான் சலுகை. வேலை மாறினால், இடம் மாறினால், சலுகை போய்விடும். மேலே சொன்ன நம்பிக்கைகள் அத்தனையும் தடுக்கி விழுவது இந்த ஒரே இடத்தில்தான்.

‘இது மோட்டார் வாகனமே அல்ல’ என்பதிலிருந்து தொடங்கலாம். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், சாலையில் ஓடத் தகுந்ததாக அமைந்த, இயந்திர விசையால் நகரும் எந்த வண்டியையும் மோட்டார் வாகனம் என்கிறது. விலக்கு மிகச் சிலவற்றுக்குத்தான்: தண்டவாளத்தில் ஓடுவது, தொழிற்சாலைக்குள்ளோ வேறு அடைக்கப்பட்ட வளாகத்துக்குள்ளோ மட்டும் ஓடுவதற்கென்றே அமைந்த தனிவகை வண்டி, நான்குக்குக் குறைவான சக்கரமும் 25 சிசிக்கு மிகாத எஞ்சினும் கொண்டது. டிராக்டர் இந்தப் பட்டியலில் இல்லை. சட்டமே டிராக்டரைத் தனியாக வரையறுத்து, அது ஒரு மோட்டார் வாகனம் என்று சொல்லிவிட்டது. ‘சாலையில் ஓடத் தகுந்தது’ என்றால் என்ன என்பதில்தான் பல ஆண்டு வழக்கு நடந்தது. ஒரிசாவின் இரும்புத்தாதுச் சுரங்கங்களில் ஓடிய டம்பர்கள் பற்றிய போலானி ஓர்ஸ் வழக்கில், 1974இல் உச்ச நீதிமன்றம் சொன்னது: உரிமையாளரின் வளாகத்துக்குள் மட்டுமே வேலை செய்யும்வரை அந்த டம்பர்களுக்கு வாகன வரி கிடையாது. 1992இல் அதே மாநிலத்திலிருந்து நிலக்கரி நிறுவனம் ஒன்றின் டம்பர்கள் மறுபடியும் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தன. இம்முறை நீதிமன்றம் சக்கரத்தைப் பார்த்தது. புல்டோசரைப் போல இரும்புப் பட்டையில் ஊர்ந்தால் அது வேறு. ரப்பர் டயர் மாட்டியிருக்கிறதே, சாலையைச் சேதப்படுத்தாமல் ஓட முடியும் என்பதற்கு அதுவே சாட்சி என்று கூறி, வரி கட்டச் சொன்னது. 2025 ஆகஸ்டில், விசாகப்பட்டினம் உருக்காலையின் மதில் சூழ்ந்த சரக்கு முற்றத்துக்குள் மட்டும் ஓடிய வண்டிகளுக்கு வரி கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பொது இடத்தில் ஓடாத வண்டி, பொதுச் சாலைக்கான வரியை ஏன் கட்ட வேண்டும் என்பது அதன் நியாயம். இந்த மூன்று தீர்ப்புகளையும் ஒன்றோடொன்று முரண்பட்டவை என்று சொல்வோர் உண்டு. முதலாவதும் மூன்றாவதும் வண்டி எங்கே ஓடுகிறது என்று கேட்டன. நடுவில் உள்ளது எங்கே ஓட முடியும் என்று கேட்டது. வண்டியின் பெயரை வைத்து மட்டும் எந்த வழக்கும் முடியவில்லை.

பொக்லைன் விஷயத்தில் விதி இன்னும் வெளிப்படையாகப் பேசுகிறது. மத்திய மோட்டார் வாகன விதிகள் ‘கட்டுமானக் கருவி வாகனம்’ என்று ஒரு வகையை வகுத்து, அதைச் சரக்கு வண்டிக் கணக்கிலிருந்து நீக்கியிருக்கின்றன. கூடவே நிபந்தனையும் இருக்கிறது: அதன் முதன்மை வேலை சாலைக்கு வெளியே; சாலையில் ஓடுவது அந்த வேலைக்குத் துணையாக மட்டும், குறுகிய நேரத்துக்கு, மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேற்படாமல். பொதுச் சாலைக்கு வரும் வசதியே இல்லாமல் சுரங்கத்துக்குள்ளும் ஆலைக்குள்ளும் மட்டும் இயங்கும் கருவிகளை இந்த வகையில் சேர்க்காமல் தனியே விட்டுவிட்டார்கள். இந்த விதியை எழுதியவர்களைப் பாராட்டத் தோன்றுகிறது. சாலைக்கு ஏறாமல் இந்த இயந்திரங்கள் பிழைக்க முடியாது என்ற யதார்த்தத்தை ஒத்துக்கொண்டு, ‘வா, ஆனால் வந்த வேலையை முடித்துக்கொண்டு இறங்கிவிடு’ என்கிறது அது.

மணல் பைக் கதை இதற்கு நேர்மாறு. ஹெட்லைட்டும் கண்ணாடியும் ஹாரனும் மாட்டிவிட்டால் அதைச் சாலையில் ஓட்டலாம் என்று வாங்குகிறவர்களும் நினைக்கிறார்கள், சில விற்பனையாளர்களும் அப்படிச் சொல்லி விற்கிறார்கள். நம் நாட்டில் ஒரு வண்டி மாடல் பதிவுக்குத் தகுதி பெற வேண்டுமானால், அதன் மாதிரி அரசு அங்கீகரித்த சோதனை மையம் ஒன்றில் தேறியிருக்க வேண்டும். புனே, மானேசர், நம் ஒரகடம் ஆகிய இடங்களில் அப்படிப்பட்ட மையங்கள் இருக்கின்றன. டிராக்டர்களுக்கு மத்தியப் பிரதேசத்தின் புத்னி. சான்று இல்லாத மாடலை எத்தனை விளக்கு போட்டு அலங்கரித்தாலும் ஆர்டிஓ பதிய மாட்டார். இதில் வேடிக்கை என்னவென்றால், மணல் பைக் தயாரிக்கும் போலாரிஸ் நிறுவனம் தன் மாடல் ஒன்றை இங்கே சாலைக்குக் கொண்டுவந்தது அதை விவசாய டிராக்டராகச் சான்று வாங்கித்தான். ‘ரோட்டில் ஓட்டவில்லை, மணலில்தானே’ என்ற சமாதானமும் செல்லாது. பொதுமக்கள் உரிமையோடு போய்வரும் எந்த இடமும் சட்டத்தின் கண்ணில் பொது இடம்தான். அது தார்ச்சாலையாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஜீப்பை உயர்த்தி, பெரிய டயர் மாட்டி, கூரையை வெட்டுகிறவர்களுக்கும் 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் பதில் சொல்லிவிட்டது: தயாரிப்பாளரின் மூல விவரக்குறிப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது.

சக்கரம் என்று வரும்போது டெல்டாக்காரர்களுக்கு நினைவு வருவது கேஜ் வீல் எனும் இரும்புக் கூண்டுச் சக்கரம். சேற்றுழவுக்கு அதைவிட நல்ல கருவி இல்லை. வரப்பைத் தாண்டித் தார்ச்சாலைக்கு ஏறிவிட்டால் அதைவிடக் கொடிய கருவியும் இல்லை. புதுச்சாலையில் உழவுச்சால் போட்டுக்கொண்டு போகும். நடவுக் காலத்தில் அதிகாரிகள் எச்சரிக்கை விடுப்பதும், எச்சரிக்கை காற்றில் போவதும் வழக்கமாகிவிட்டது. ‘இந்த வயலுக்கும் அந்த வயலுக்கும் நடுவில் இருநூறு அடிதான் ரோடு, அதற்காகச் சக்கரத்தைக் கழற்றி மாட்டுவதா’ என்ற கேள்வியில் அலுப்பு நியாயம், அனுமதி இல்லை. மோட்டார் வாகனத்துக்குக் காற்றடைத்த டயர் இருக்க வேண்டும் என்பது விதி. டம்பர் வழக்கில் நீதிமன்றம் ரப்பர் டயரைச் சாலைத் தகுதிக்கு அடையாளமாக எடுத்துக்கொண்டதை இங்கே திருப்பிப் போட்டுப் பார்க்கலாம்: ரப்பர் டயர் மாட்டிய டிராக்டர் சாலை வண்டி, அதே டிராக்டர் இரும்புக் கூண்டு மாட்டிய நேரத்தில் சாலை வண்டி அல்ல. வண்டி மாறவில்லை, நிலை மாறிவிட்டது.

லைசென்ஸ் விஷயத்தில் மட்டும், நம்பிக்கை சட்டத்தைவிடக் கடுமையாக இருக்கிறது. டிராக்டருக்குத் தனி லைசென்ஸ், பெட்டி மாட்டினால் இன்னொரு லைசென்ஸ் என்று பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். இன்சூரன்ஸ் நிறுவனங்களும் நீண்ட காலம் அப்படித்தான் வாதாடி வந்தன. டிராக்டர் ஓட்ட உரிமம் உள்ளவர், பின்னால் டிரெய்லர் மாட்டிவிட்டார் என்பதற்காகத் தகுதியற்றவராகிவிட மாட்டார் என்று 2001இல் நாகஷெட்டி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 7,500 கிலோவுக்கு மிகாத வண்டியை, அது சரக்கு ஏற்றுவதாக இருந்தாலும், இலகுரக வாகன லைசென்ஸ் உள்ளவர் ஓட்டலாம் என்பது 2017இல் வந்த முகுந்த் தேவாங்கன் தீர்ப்பு. 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு அதை உறுதிசெய்தது. இவ்வளவு தாராளம் காட்டும் சட்டம் வயதில் மட்டும் அசையாது. பத்தாம் வகுப்புப் பையனிடம் சாவியைக் கொடுத்து ‘வயல் வரைக்கும்தானே’ என்று அனுப்பும் வழக்கம் கிராமங்களில் உண்டு. சொந்த வயலுக்குள் அவன் ஓட்டுவது குடும்பத்தின் பொறுப்பு. சாலைக்கு ஏறி ஏதாவது குற்றம் நேர்ந்துவிட்டால், 2019 திருத்தத்தின்படி பெற்றோரோ வண்டியின் உரிமையாளரோ 3 ஆண்டு வரை சிறைக்கும் 25,000 ரூபாய் அபராதத்துக்கும் ஆளாவார். வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்தாகும். பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது.

இனி பெட்டி. பல வீடுகளில் டிராக்டருக்கு ஆர்சி பத்திரமாக இருக்கும். உள்ளூர்ப் பட்டறையில் செய்வித்த டிரெய்லருக்கு ஒரு துண்டுக் காகிதமும் இருக்காது. ‘அதற்கு எஞ்சினே இல்லையே’ என்பார்கள். சட்டத்தின் மோட்டார் வாகன வரையறையில் டிரெய்லர் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டிருக்கிறது. அதற்குத் தனிப் பதிவு வேண்டும், காப்பீட்டிலும் அது சேர்ந்திருக்க வேண்டும். இன்னொரு முடிச்சும் இருக்கிறது. விவசாய டிராக்டர் போக்குவரத்து வாகனம் அல்ல என்று விதி சொல்கிறது. சலுகைகளுக்கெல்லாம் ஊற்று இந்த வரிதான். ஆனால் டிராக்டரும் டிரெய்லரும் சேர்ந்து சரக்கு ஏற்றித் தொழில் நடத்தினால் அந்தச் சேர்க்கை சரக்கு வாகனம் என்றும் பர்மிட் தேவை என்றும் 2005இல் நட்வர் பாரிக் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. காலையில் சொந்த நெல்லைக் கொள்முதல் நிலையத்துக்கு ஏற்றிப்போன அதே வண்டி, மாலையில் கிரஷரிலிருந்து ஜல்லி வாடகைக்கு அடித்தால் சட்டத்தின் முன் வேறொரு வண்டி. விவசாயம் இல்லாத மாதங்களில் தவணை கட்ட இந்த வாடகைதான் உதவுகிறது என்பது எனக்கும் புரிகிறது. வாடகைக்கு ஓட்டக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. அதற்குரிய பதிவோடும் காப்பீட்டோடும் ஓட்ட வேண்டும் என்பதுதான் விஷயம்.

காப்பீடு என்றதும் ‘இன்சூரன்ஸ் கட்டியாச்சு, யாருக்கு என்ன ஆனாலும் கம்பெனி பார்த்துக்கொள்ளும்’ என்ற நம்பிக்கை எழுந்து நிற்கிறது. இருப்பதிலேயே அதிகம் செலவு வைக்கும் நம்பிக்கை இதுதான். பாலிசிக் காகிதத்தில் ‘பயன்பாட்டு வரம்பு’ என்று ஒரு பகுதி இருக்கும். மலிவான விவசாய பாலிசியில் அங்கே விவசாய வேலை என்று எழுதியிருக்கும். 2007இல் உச்ச நீதிமன்றத்தில் முடிந்த பிரிஜ் மோகன் வழக்கில், செங்கல் சூளைக்கு மண் ஏற்றிப்போன பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்த கூலித் தொழிலாளி விழுந்து படுகாயமடைந்தார். டிராக்டர் விவசாயத்துக்கென்று காப்பீடு செய்யப்பட்டிருந்தது. பெட்டி காப்பீட்டிலேயே இல்லை. இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குப் பொறுப்பில்லை என்றே நீதிமன்றம் முடிவு செய்தது. அந்த ஏழைத் தொழிலாளிக்காகத் தன் சிறப்பு அதிகாரத்தைப் பயன்படுத்தி, நிறுவனம் முதலில் பணத்தைக் கொடுத்துவிட்டுப் பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்றது. இதில் நல்ல செய்தி தொழிலாளிக்கு மட்டும்தான். உரிமையாளருக்கு வந்தது, ஆண்டுதோறும் பிரீமியம் கட்டியும் இழப்பீட்டைத் தன் கையிலிருந்து கொடுக்க வேண்டிய நிலை. சரக்கு வண்டியில் சும்மா ஏறிவரும் பயணிக்குச் சட்டப்படியான கட்டாயக் காப்பீடு பொருந்தாது என்று 2002இலேயே ஆஷா ராணி வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு தீர்த்துவைத்த விஷயம் இது. சரக்கின் உரிமையாளர், அவருடைய ஆள் கூட வருவதற்கு இடமுண்டு. நடவுக்குப் போகும் பதினைந்து பெண்களுக்கு இல்லை.

இங்கேதான் வலுவான ஆட்சேபணை எழுகிறது. பஸ் வராத ஊரிலிருந்து ஆட்கள் வேலைக்கு வேறு எப்படிப் போவார்கள்? குலதெய்வக் கோயிலுக்குக் குடும்பத்தோடு போக வேன் பிடிக்கப் பணம் இருந்தால் ஏன் பெட்டியில் ஏறப்போகிறார்கள்? இதைச் சுலபமாக ஒதுக்கிவிட முடியாது. கிராமத்துப் பேருந்துப் போக்குவரத்தின் குறையைச் சட்டப்பிரிவு காட்டி மூட முடியாது என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வறுமை சொல்லும் காரணம் பெட்டியின் எடைமையத்தை மாற்றிவிடாது. பெட்டிக்கு இருக்கை இல்லை, பிடிமானம் இல்லை, மனிதரைத் தாங்கும் சஸ்பென்ஷன் இல்லை; பல பெட்டிகளில் பிரேக்கே இல்லை. நிறுத்தும் சுமை முழுவதும் முன்னால் உள்ள டிராக்டரின் மேல். சரக்கு ஓரிடத்தில் கிடக்கும். வளைவில் ஒரு பக்கமாகச் சாயும் கூட்டம் வண்டியையும் சாய்த்துவிடும். 2022 அக்டோபர் 1 அன்று உத்தரப் பிரதேசத்தின் கான்பூர் அருகே கோயிலில் முடியிறக்கிவிட்டுத் திரும்பிய கூட்டத்தோடு டிராக்டர் பெட்டி குளத்தில் கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். பெட்டியில் ஆள் ஏற்றாதீர்கள் என்று அந்த மாநில அரசு அப்போது கடுமையாக எச்சரித்தது. 2024 பிப்ரவரியில் அதே மாநிலத்தின் காஸ்கஞ்சில், கங்கையில் நீராடப் போன கூட்டம், மறுபடியும் ஒரு குளம், மறுபடியும் இருபதுக்கு மேல் சாவு. இரண்டிலும் அந்த நேரத்தில் வண்டி செய்துகொண்டிருந்தது விவசாயம் அல்ல. டிராக்டரை ஓட்டுபவர் அதில் வேறு ஆளை ஏற்றக் கூடாது என்று 1989இன் சாலை விதிமுறைகளே சொல்லியிருந்தன. அதை அதிகாரிகளின் பிடிவாதம் என்று நினைத்தவர்கள் இந்த இரண்டு குளங்களையும் நினைத்துப் பார்க்கலாம்.

‘மெதுவாகப் போகிற வண்டியால் யாருக்கு ஆபத்து’ என்பதற்கு நீண்ட பதில் தேவையில்லை. இரவில் ஆபத்தே அந்த மெதுவில்தான். மணிக்கு 80 கிலோமீட்டரில் வரும் கார், 20இல் ஊர்ந்து போகும் கரும்புப் பெட்டியை நொடிக்குப் பதினாறு, பதினேழு மீட்டர் வீதம் நெருங்குகிறது. ஐம்பது மீட்டரில் கண்டால் மூன்று நொடி. பெட்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கரும்பு பின்விளக்கை மறைத்துவிட்டால் அந்த மூன்று நொடியும் இல்லை. சூரியன் மறைந்து அரை மணி நேரத்திலிருந்து உதயத்துக்கு அரை மணி முன்பு வரை விளக்கு எரிய வேண்டும், பின்னால் சிவப்புப் பிரதிபலிப்பான் இருக்க வேண்டும் என்ற விதிகளில் விவசாயிக்குத் தனி விலக்கு கிடையாது. இருக்கவும் கூடாது.

உள்ளூர்க் கட்டுப்பாடுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ‘ரோடு எல்லாருக்கும் பொது, வரி கட்டுகிறோம், எதிலும் போகலாம்’ என்பது பாதி சரி. பொதுப் பாதுகாப்பைக் கருதி ஒரு குறிப்பிட்ட சாலையிலோ பகுதியிலோ குறிப்பிட்ட வகை வண்டிகளைத் தடுக்க மாநில அரசுக்கும், அது அதிகாரம் கொடுத்த அலுவலருக்கும் சட்டம் இடம் கொடுக்கிறது. பெங்களூரு-மைசூரு விரைவுச் சாலையின் பிரதானப் பாதையில் 2023 ஆகஸ்ட் 1 முதல் பைக், ஆட்டோ ஆகியவற்றோடு டிராக்டரும், பெட்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும், தடுக்கப்பட்டுவிட்டது. பக்கத்துச் சர்வீஸ் சாலையில் போகலாம். நிலத்தைச் சாலைக்குக் கொடுத்த விவசாயிக்கே அந்தச் சாலையில் இடமில்லையா என்று கேட்டார்கள். கேள்வியில் வலி இருக்கிறது. பதில், அவரைச் சாலைக்கு ஏற்றுவதில் இல்லை. சர்வீஸ் சாலையைத் துண்டு துண்டாக விடாமல் முழுதாகப் போட்டுத் தருவதிலும், வயலுக்கும் வயலுக்கும் இடையே போதுமான கீழ்ப்பாலங்கள் கட்டுவதிலும் இருக்கிறது. அதைக் கேட்பது விவசாயியின் உரிமை. அரசு அதைச் செய்யாமல் தடையை மட்டும் போட்டால் குற்றவாளி அரசுதான்.

கடைசியாக, எல்லாரும் மனதுக்குள் வைத்திருக்கும் வாதம்: ‘இவ்வளவு சட்டம் பேசுகிறீர்கள், எந்தப் போலீஸ்காரர் டிராக்டரை நிறுத்தினார்?’ பெரும்பாலும் நிறுத்துவதில்லை என்பது மெய். ஆனால் இந்த விதிகள் உண்மையில் அமலாகும் இடம் சாலைச் சந்திப்பு அல்ல, விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம். அங்கே போலீஸ்காரர் கண்டுகொள்ளாமல் விட்டார் என்பது பதிலாகாது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்கப்போவது: வண்டி அப்போது என்ன வேலைக்குப் போனது, பெட்டிக்குப் பதிவு எங்கே, ஓட்டியவர் யார், மேலே இருந்தவர்கள் யார். ஆகவே டிராக்டர் வைத்திருப்போர் அடுத்த அறுவடைக்கு முன் பாலிசியை எடுத்துப் பயன்பாட்டு வரம்பில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிடுங்கள். பெட்டியின் எண் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பெட்டியை ஆர்டிஓ அலுவலகத்தில் பதிந்து, பாலிசியிலும் சேர்த்துவிடுங்கள். பெட்டியின் முதுகில் சிவப்புப் பிரதிபலிப்பு ஸ்டிக்கரை இன்றைக்கே ஒட்டிவிடலாம்.